பொன்னும் கண்ணாடியும்: மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கில் ஒவ்வொரு மாணவனும் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எனக்குக் கிடைத்த தலைப்பு, கண்ணாடிக்குள் பொதிந்த குவாண்டம் புள்ளிகள். நீல ஒளி தரும் எல்.இ.டி.யின் முன்னே இத்தகைய கண்ணாடியை வைத்தால் நீல ஒளியில் ஒரு பகுதி பச்சையாகவும் சிவப்பாகவும் மாறுகிறது. மூன்றும் கலந்து வெண்மை பிறக்கிறது. பொருள் ஒன்றுதான்; அதன் துகளின் அளவு மாறினால் நிறம் மாறுகிறது. இவ்வளவையும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினேன். அப்போது பின்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர், அளவு மாறினால் நிறம் மாறும் என்பதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் யார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வகுப்பே என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நூலகத்திற்குப் போனேன். அங்கே நான் சந்தித்தவர் எனக்கு முன்பே தெரிந்தவர். பள்ளியில் மின்காந்தத் தூண்டல் விதிகளை எழுதி மதிப்பெண் வாங்கியபோது அவர் பெயரை நூறு முறையாவது எழுதியிருப்பேன். அவர் மைக்கேல் பாரடே. ஆனால் விதியைத் தெரிந்துகொண்ட நான் மனிதரைத் தெரிந்துகொள்ளவில்லை என்பது அன்றுதான் புரிந்தது. மோட்டாருக்கும் டைனமோவுக்கும் வழிகாட்டிய பாரடேயை எல்லாரும் அறிவர். கண்ணாடி உருக்கிய பாரடேயையும், பொன்னைப் பொடியாக்கிய பாரடேயையும் அறிந்தவர் சிலரே. அந்தப் பாரடேயைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், லண்டன் மாநகரை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஓர் இரும்புக் கொல்லர். வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். உடல்நலம் குன்றியவர் ஆகையால் பல நாட்கள் உலைக்களத்திற்குப் போக இயலாது. கொல்லர் படுத்துவிட்டால் அடுப்பும் படுத்துவிடும் அல்லவா? 1801இல் தானிய விலை ஏறியபோது, ஒன்பது வயதுச் சிறுவனான மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுக்கப்பட்டதாம். அந்த ஒன்றை ஏழு நாளுக்குப் பங்கிட்டுக்கொள்ளும் கணக்குத்தான் அவர் முதலில் கற்ற கணக்கு என்று சொல்லலாம்.

பள்ளியில் அவர் கற்றது எழுத்தும் வாசிப்பும் சிறிது எண்கணக்கும் மட்டுமே. பதின்மூன்றாம் வயதில், 1804இல், பிளாண்ட்போர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவர் நடத்திய புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வீடு வீடாகச் செய்தித்தாள் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடித்த பின் திரும்ப வாங்கி வருவது அவர் வேலை. மறு ஆண்டு அதே கடையில் புத்தகம் கட்டும் தொழில் பழகுநராக ஏழு ஆண்டுகளுக்கு ஒப்பந்தமானார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வரும்வரை நான் ஒரு பைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். என் தந்தை கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் அடிப்பவர். தாய் வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கடையில் பாரங்களை மடித்தேன், ஊசியால் தைத்தேன், முதுகுக்குப் பசை தடவினேன், காலிகோ ஒட்டினேன். நூற்றுக்கணக்கான நூல்கள் என் கையைக் கடந்து போயின. அவற்றில் ஒன்றையாவது திறந்து படித்தேனா என்றால், இல்லை. பக்க எண் வரிசையாக வருகிறதா என்று மட்டுமே பார்த்தேன்.

பாரடே படித்தார். கட்ட வந்த பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஜேன் மார்செட் என்னும் பெண்மணி எளிய உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலைப் படித்தார். படித்ததை அப்படியே நம்பிவிடவும் இல்லை. கைக்காசில் வாங்க முடிந்த சிறு பொருள்களைக் கொண்டு சோதனை செய்து பார்த்து, சரிதான் என்று கண்ட பிறகே நம்பினார். முதலாளி ரீபோ இதைத் தடுக்கவில்லை என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். இரும்புக் கொல்லரான அண்ணன் ராபர்ட் கட்டணமாக ஒவ்வொரு ஷில்லிங் கொடுத்துதவ, டாட்டம் என்பவர் மாலை நேரங்களில் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்கும் சென்று வந்தார். 1810இல் தந்தை இறந்தார். படிப்பு நிற்கவில்லை.

நான்கு நுழைவுச் சீட்டுகள்

1812இல் கடைக்கு வந்துபோகும் டான்ஸ் என்னும் இசைக் கலைஞர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளில் கடைசி நான்கிற்கு நுழைவுச் சீட்டுக் கொடுத்தார். டேவி அன்றைய இங்கிலாந்தின் தலைசிறந்த வேதியியலர். பாரடே மாடத்தில் அமர்ந்து கேட்டார், குறிப்பெடுத்தார், வீட்டுக்கு வந்து விரிவாக எழுதிப் படம் வரைந்தார், தாம் கற்ற தொழிலாலேயே அதை அழகிய புத்தகமாகக் கட்டினார்.

அறிவியல் பணி எதுவாயினும் போதும் என்று ராயல் சொசைட்டியின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. பின்னர் டேவிக்கு எழுதி, தாம் கட்டிய அந்தக் குறிப்புப் புத்தகத்தையும் உடன் அனுப்பினார். டேவி அழைத்துப் பேசினார். ஆனால் வேலை காலியில்லை, புத்தகம் கட்டும் தொழிலையே விடாமல் பார்த்துக்கொள் என்று அறிவுரை கூறி அனுப்பினார். சில வாரங்களில் ஆய்வகப் பணியாள் ஒருவர் சண்டையிட்டு வேலையை இழக்க, அந்த இடம் பாரடேயைத் தேடி வந்தது. 1813 மார்ச் முதல் நாள் அவர் பணியில் சேர்ந்தார். வாரத்திற்கு இருபத்தைந்து ஷில்லிங் சம்பளம். மாடியில் இரண்டு அறைகள். எரிக்க விறகும் மெழுகுவர்த்தியும்.

அதே ஆண்டு டேவியுடன் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். பாரிஸில் ஆம்பியரையும் இத்தாலியில் வோல்டாவையும் கண்ணாரக் கண்டார். ஆனால் உடன் வர வேண்டிய வேலைக்காரர் வராமற்போகவே, அந்த வேலையும் பாரடேயின் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை உதவியாளராக நடத்தவில்லை, ஏவலாளாகவே நடத்தினார். மனம் வெறுத்துப் பாதியில் திரும்பிவிடவும் எண்ணினார். எனினும் கற்பதற்கு இன்னும் இருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காகப் பொறுத்துக்கொண்டார். 1815இல் லண்டன் திரும்பியபோது அவர் ஐரோப்பாவின் அறிவியலையே ஒருமுறை சுற்றி வந்துவிட்ட இளைஞர்.

அதன்பின் ஏறுமுகந்தான். 1821இல் சாரா பர்னார்டை மணந்தார். அதே ஆண்டு, மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும் என்று காட்டினார். 1823இல் குளோரின் வாயுவைத் திரவமாக்கினார். 1825இல் பென்சீனைக் கண்டுபிடித்தார். ஆய்வகத்தின் இயக்குநராகவும் ஆனார். இந்த வெற்றிகளின் நடுவேதான் கண்ணாடி வந்து சேர்ந்தது.

கண்ணாடி தின்ற ஆண்டுகள்

அக்காலத்தில் தொலைநோக்கிக்கு வேண்டிய நல்ல கண்ணாடி இங்கிலாந்தில் கிடைப்பது அரிதாக இருந்தது. ஜெர்மனியில் பிரான்ஹோபர் செய்த வில்லைகள் உலகப் புகழ் பெற்றிருந்தன. பெரிய கப்பற்படையை வைத்திருக்கும் நாடு கண்ணாடிக்குப் பிறரை எதிர்பார்த்திருப்பதா? 1824இல் ராயல் சொசைட்டியும் தீர்க்கரேகை வாரியமும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. மறு ஆண்டு மூவரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. கண்ணாடியை உருக்கிச் செய்வது பாரடே. அதைத் தேய்த்து வில்லையாக்கிப் பார்ப்பது டாலண்டு. அதன் ஒளியியல் பண்புகளை அளப்பது ஜான் ஹெர்ஷல்.

கண்ணாடி செய்வது என்றால் மணலை உருக்கி ஊற்றுவதுதானே என்று நினைப்போம். சன்னல் கண்ணாடிக்கு அது போதும். வில்லைக்குப் போதாது. உருகிய குழம்பில் ஒரு பகுதி கனமாகவும் ஒரு பகுதி இலேசாகவும் இருந்தால், ஆறிய பின் உள்ளே நரம்பு நரம்பாகக் கோடுகள் தெரியும். ஒளி அங்கங்கே வளையும். விண்மீன் கலங்கித் தோன்றும். காற்றுக் குமிழிகள் வேறு உள்ளே சிக்கிக்கொள்ளும். உருக்கும் மண்கலத்தையே குழம்பு அரித்து அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தொடக்கத்தில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் உலையில் முயன்றனர். அது தொலைவிலிருந்ததால், 1827இல் ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே உலை கட்டப்பட்டது. உலையைக் கவனிக்க, பீரங்கிப் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற சார்ஜண்ட் ஆண்டர்சன் அமர்த்தப்பட்டார். ஒருநாள் மாலை அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல பாரடே மறந்துவிட, மறுநாள் காலைவரை ஆண்டர்சன் உலையை எரித்துக்கொண்டே இருந்தார் என்று ஒரு கதை உண்டு. கண்ணாடி வேலைக்காக வந்த அவர், பல ஆண்டுகள் பாரடேயின் உதவியாளராகவே உடனிருந்தார்.

பாரடே மண்கலத்தை விட்டுவிட்டுப் பிளாட்டினத் தட்டைப் பயன்படுத்தினார். காரீயம், போரான், சிலிக்கா ஆகியவை கலந்த ஒரு கனத்த கண்ணாடியை உருவாக்கினார். குழம்பு ஒரே சீராக இருக்கும்படி பிளாட்டினக் கருவியால் கிளறினார். 1829இல் இம்முயற்சிகளையெல்லாம் ராயல் சொசைட்டியில் ஒரு நீண்ட சொற்பொழிவாக அளித்தார். அதைப் படித்து முடிக்க மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன.

இவ்வளவு உழைத்தும் விளைந்தது என்ன? தொலைநோக்கித் தொழிலை மாற்றியமைக்கும் கண்ணாடி கிடைக்கவில்லை. முப்பத்து நான்கு வயதிலிருந்து முப்பத்தொன்பது வயதுவரை, ஒரு மனிதனின் ஆற்றல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் பெரும் பகுதியை உலை தின்றுவிட்டது. 1831இல் தம்மை இப்பணியிலிருந்து விடுவிக்கும்படி கேட்டுக்கொண்டார். கனத்த கண்ணாடிக் கட்டிகள் அலமாரிக்குப் போயின.

அலமாரியிலிருந்து வந்த வெற்றி

கண்ணாடியை விட்ட அதே 1831இல், ஆகஸ்டு 29ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மற்றொன்றில் மின்னோட்டம் எழுவதைக் கண்டார். அதுவே மின்காந்தத் தூண்டல். இன்று நம் ஊர் மின்மாற்றி முதல் மேட்டூர் அணையின் மின்னாக்கிவரை அந்த வளையத்தின் வாரிசுகளே. அடுத்த சில ஆண்டுகளில் மின்னாற்பகுப்பு விதிகளையும் தந்தார். இவை பாடநூலில் உள்ளவை, நீங்கள் அறிந்தவை.

பாடநூலில் ஒரு வரியில் முடிந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. 1845இல் பாரடேக்கு வயது ஐம்பத்து மூன்று. இடையில் உடலும் உள்ளமும் சோர்ந்து சில ஆண்டுகள் ஆய்வைக் குறைத்துக்கொண்டிருந்தார். எனினும் ஒளிக்கும் மின்காந்த விசைகளுக்கும் ஏதோ உறவு இருந்தே ஆக வேண்டும் என்னும் நம்பிக்கை அவரை விடவில்லை. தளவிளைவுற்ற ஒளியைப் பல பொருள்களின் ஊடே செலுத்தி, காந்தம் அதை ஏதேனும் செய்கிறதா என்று பார்த்தார். ஒன்றிலும் பலனில்லை. கடைசியில் அலமாரியில் கிடந்த அந்தக் கனத்த கண்ணாடியை எடுத்து வைத்தார். 1845 செப்டம்பர் 13ஆம் நாள், காந்தம் இயங்கியதும் ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பியது. ஒளிக்கும் காந்தத்திற்கும் உறவு உண்டு என்பதற்கு உலகம் கண்ட முதல் சான்று அது. இரண்டு மாதங்களுக்குள் அதே கண்ணாடித் துண்டைக் காந்த முனைகளுக்கிடையே தொங்கவிட்டு, அது குறுக்காகத் திரும்பி நிற்பதைக் கண்டார். டயாகாந்தம் என்னும் பண்பு வெளிப்பட்டது.

தோற்றுப்போன கண்ணாடி என்று எல்லாரும் எண்ணிய ஒன்று, பதினான்கு ஆண்டுகள் கழித்து இரண்டு கதவுகளைத் திறந்தது. தொலைநோக்கிக்கு உதவாதது தத்துவத்திற்கு உதவியது. இதைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

பொன்னின் சிவப்பு

இப்போது பேராசிரியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

பொன்னைச் சேர்த்துக் கண்ணாடியை மாணிக்கச் சிவப்பாக்கும் வித்தையைக் கண்ணாடித் தொழிலாளர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மனியில் அது சிறந்து விளங்கியது. ஆனால் மஞ்சள் நிறப் பொன் கண்ணாடிக்குள் போனதும் ஏன் சிவக்கிறது? அதற்கு யாரிடமும் தெளிவான விடையில்லை. அறுபத்து நான்காம் வயதில் பாரடே இந்தப் புதிரைக் கையிலெடுத்தார்.

முதலில் பொற்கொல்லர் அடித்த மெல்லிய பொன் தகட்டை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மேலிருந்து பார்க்க மஞ்சள். ஊடே பார்க்கப் பச்சை. பிறகு பொன் உப்பின் கரைசலைப் பாஸ்பரஸால் ஒடுக்கினார். மஞ்சள் பொன் அடியில் படியவில்லை. கரைசல் முழுவதும் அழகிய சிவப்பாயிற்று. பார்த்தால் தெளிந்த திராட்சை ரசம் போல இருக்கும். ஆனால் ஒரு குவிந்த ஒளிக்கற்றையை அதனுள் செலுத்தியதும், தூசி நிறைந்த அறையில் ஓட்டைவழி வரும் வெயில்போல, கற்றையின் பாதை பளிச்சென்று தெரிந்தது. உள்ளே பொன் கரைந்துபோகவில்லை, கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் எட்டாத துகள்களாக மிதக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அதே சிவப்புக் கரைசலில் சிறிது சோற்றுப்பு இட்டார். சிவப்பு நீலமாக மாறியது. பொன் பொன்னாகவே இருக்கிறது; துகள்களின் நிலை மாறியதால் நிறம் மாறியது. 1857 பிப்ரவரி 5ஆம் நாள் இவற்றை ராயல் சொசைட்டியில் விளக்கினார். அவர் தயாரித்த சிவப்புக் கரைசல்களின் குப்பிகள் லண்டனில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

ஏன் இப்படி என்ற முழு விளக்கம் பாரடேக்குக் கிடைக்கவில்லை. 1908இல் குஸ்டாவ் மீ என்னும் ஜெர்மானியர், சிறு உலோகக் கோளங்கள் ஒளியை எவ்வாறு உட்கவர்ந்து சிதறடிக்கின்றன என்பதைக் கணக்கிட்டு அந்தக் கடனைத் தீர்த்தார்.

புள்ளிகள் பிறந்த கதை

கருத்தரங்கில் நான் சொல்லத் தவறியதை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாரடேயின் பொன் துகளும் இன்றைய குவாண்டம் புள்ளியும் ஒன்றல்ல. பொன் உலோகம், அதன் எலெக்ட்ரான்கள் கூட்டமாக அலைந்து சில நிறங்களை விழுங்கிச் சில நிறங்களை விடுகின்றன. குவாண்டம் புள்ளி குறைகடத்தி. அது ஒரு நிற ஒளியை உண்டு வேறு நிற ஒளியை உமிழ்கிறது. உண்ட ஒளியைவிட உமிழும் ஒளிக்கு அலைநீளம் அதிகம் என்னும் விதியை 1852இல் ஸ்டோக்ஸ் ஒளிரும் பொருள்களில் கண்டார். நீலத்தைப் பச்சையாக்கலாம், சிவப்பாக்கலாம் என்பதற்கு அதுவே அடிப்படை. பாரடேயின் பொன்னும் நம் புள்ளியும் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பொருள் மாறாமலே, அளவால் நிறம் மாறும்.

அந்த இடத்தைக் குறைகடத்தியில் கண்டவர் அலெக்ஸி எகிமோவ். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய லெனின்கிராடில் வாவிலோவ் ஒளியியல் கழகத்தில் அவர் பணியாற்றினார். ஒரே பொருளைச் சேர்த்த கண்ணாடிகள், சூடாக்கும் முறையைப் பொறுத்து வெவ்வேறு நிறம் காட்டுவது ஏன் என்று அவர் வியந்தார். தாமிர குளோரைடு சேர்த்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரி வெப்பத்தில், ஒரு மணி முதல் 96 மணிவரை வைத்துப் பார்த்தார். உள்ளே சுமார் 2 முதல் 30 நானோமீட்டர்வரை படிகங்கள் வளர்ந்தன. படிகம் சிறியதாக ஆக, அது உட்கவரும் ஒளி நீலப் பக்கம் நகர்ந்தது. 1981இல் இதை வெளியிட்டார். ஆக, குவாண்டம் புள்ளி முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே கண்ணாடிக்குள்தான்! 1983இல் அமெரிக்காவில் லூயி புருஸ் இதையே திரவத்தில் மிதக்கும் துகள்களில் கண்டார். 1993இல் மௌங்கி பவெண்டியின் குழு, ஒரே அளவான புள்ளிகளை நினைத்தபடி தயாரிக்கும் முறையை அளித்தது. மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காரணம் எளிது. சிறிய கூட்டில் அடைபட்ட எலெக்ட்ரானுக்கு ஆற்றல் படிகளின் இடைவெளி பெரிதாகிறது. கூடு சுருங்கச் சுருங்க நீலம்; விரிய விரியச் சிவப்பு. காட்மியம் செலினைடு என்ற ஒரே பொருள், ஏறத்தாழ 2 நானோமீட்டரில் நீலமாகவும் 6 நானோமீட்டரில் சிவப்பாகவும் ஒளிர்கிறது.

இதனால் விளக்குக்கு என்ன பயன்? நாம் அன்றாடம் காணும் வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல எல்.இ.டி.தான். அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்கிக் கலந்து தருகிறது. அதில் சிவப்புக் குறைவு. ஆகவே பொருள்களின் நிறம் சற்று வெளிறித் தோன்றும். குவாண்டம் புள்ளிகளோ வேண்டிய பச்சையையும் வேண்டிய சிவப்பையும் தனித்தனியே, தூய்மையாகத் தரவல்லவை. தொலைக்காட்சித் திரைகளில் அவை 2013 முதலே இடம் பிடித்துவிட்டன. ஆனால் அவை மென்மையானவை. காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் விளக்கின் வெப்பமும் அவற்றைக் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் ஏட்டுக்குள் வைத்தால் அதற்குமேல் காப்பு ஏடுகள் போர்த்த வேண்டும்.

ஆகவே அறிஞர் பலர் மீண்டும் கண்ணாடியிடம் வந்திருக்கின்றனர். புள்ளிக்கு வேண்டிய மூலப்பொருள்களைக் கண்ணாடிக் குழம்பில் கலந்து உருக்கி, விரைவாக ஆறவைத்து, பிறகு அளவான வெப்பத்தில் மீண்டும் வைத்தால், கண்ணாடிக்குள்ளேயே படிகங்கள் முளைக்கின்றன. வெப்பமும் நேரமும் அளவைத் தீர்மானிக்கின்றன. அளவு நிறத்தைத் தீர்மானிக்கிறது. சீசியம், காரீயம், புரோமின் சேர்ந்த பெரோவ்ஸ்கைட்டு வகைப் புள்ளிகள் போரான் சிலிக்காக் கண்ணாடியில் நல்ல பச்சை ஒளி தருகின்றன. ஈரமும் காற்றும் அவற்றை எளிதில் அண்டுவதில்லை. காரீயம், காட்மியம் போன்ற நச்சுப் பொருள்கள் வெளியே கசியாமல் இருக்கவும் கண்ணாடி துணை செய்கிறது. எனினும் வேலை முடிந்துவிடவில்லை. எல்லாப் படிகங்களும் ஒரே அளவில் வளர வேண்டும். வாங்கிய ஒளியை வீணாக்காமல் தர வேண்டும். உலையின் முன் பாரடே பட்ட பாட்டையே வேறு வகையில் இன்றைய ஆய்வாளரும் படுகின்றனர்.

கணிதமும் நானும்

இனி என் குறையைச் சொல்கிறேன். முதற்பருவத்தில் துணைப்பாடமான கணிதத்தில் நான் தேறவில்லை. இரண்டாம் முறையும் தேறவில்லை. வகுப்பில் பலகை நிறையும் வேகத்திற்கு என் கை எழுதியது, அறிவு எழுதவில்லை. ஒரு துணிக்கடையில் ஆள் எடுப்பதாக உறவினர் ஒருவர் சொன்னார். மாதச் சம்பளம், பகலுணவு. வீட்டின் நிலையில் அது சிறிதல்ல. விடுமுறையில் சேர்ந்து அப்படியே இருந்துவிடலாமா என்று எண்ணினேன். என் தாயிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தையல் எந்திரத்தை மிதிப்பதை நிறுத்தவும் இல்லை.

அந்த நாட்களில்தான் பாரடே உயர்கணிதம் அறியாதவர் என்று படித்தேன். எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஓடிப்போய்க் கேள்வி கேட்ட அதே பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். பாரடேயைப் போற்று, ஆனால் அவரைச் சாக்காகச் சொல்லாதே என்றார். மாக்ஸ்வெல்லைப் பற்றியும் படித்துவிட்டு வா என்று அனுப்பினார்.

படித்தேன். பாரடே காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகளை மனக்கண்ணால் கண்டார். சமன்பாடு இல்லாத அந்தக் காட்சியைக் கணிதம் வல்ல பலர் பொருட்படுத்தவில்லை. 1850களின் நடுவில் இளைஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அக்கோடுகளுக்குக் கணித வடிவம் தந்து, தம் கட்டுரையைப் பாரடேக்கு அனுப்பினார். 1857இல், பொன்னைப் பற்றிப் பேசிய அதே ஆண்டில், பாரடே அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கணிதத்தால் கண்ட முடிவுகளை எங்களைப் போன்றோரும் பயன்படுத்தும்படி எளிய மொழியிலும் சொல்லக் கூடாதா என்று அதில் பணிவோடு வேண்டினார். அறுபத்தாறு வயது, உலகப் புகழ், எதிரே இருப்பவருக்கு வயது இருபத்தாறு. கணிதம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கதவு தமக்குத் திறக்கவில்லையே என்றுதான் நின்றார். அவருக்கு அதைக் கற்பிக்க ஒரு கல்லூரி இல்லை. எனக்கு இருக்கிறது. இதை உணர்ந்தபோது வெட்கமாக இருந்தது.

கடைசி ஆண்டுகள்

பாரடே சர் பட்டத்தை ஏற்கவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோதும் மறுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் சிறுவர் சிறுமியருக்கு அறிவியல் பேசுவதைப் பெருமையாகக் கருதினார். 1860–61இல் ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் இன்றும் நூலாகக் கிடைக்கின்றன. முதுமையில் நினைவாற்றல் மங்கியது. விக்டோரியா அரசியார் 1858இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த வீட்டில், 1867 ஆகஸ்டு 25ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தபடியே அமைதியாக உயிர் நீத்தார். ஹைகேட் கல்லறையில் எளிய கல்லின் கீழ் உறங்குகிறார்.

நண்பர்களே! நம்மில் பலர் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த வீட்டுப் பிள்ளைகள். நமக்குத் தேர்வில் தோற்ற தாள் ஒன்று, பாதியில் விட்ட முயற்சி ஒன்று, அலமாரியில் கிடக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். பாரடேயும் தம் கனத்த கண்ணாடியை எறியவில்லை.

நான் துணிக்கடைக்குப் போகவில்லை. கணிதத் தேர்வை மூன்றாம் முறையாக எழுதியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. கோடை விடுமுறைக்கு மட்டும் பழைய பைண்டிங் கடைக்கே போகலாம் என்றிருக்கிறேன். இம்முறை கட்டுவதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து பார்ப்பேன்.